உடைப்பதற்கு முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

கொல்கத்தாவில் குளியலறை டைல்ஸ் மாற்றும் வேலை துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் சூடு பிடிக்கும். பூஜை போனஸ் கைக்கு வந்திருக்கும், உறவினர் வருவார்கள், சுவருக்கு வண்ணம் அடிக்கிற கையோடு விரிசல் விட்ட அந்த நாலு டைல்ஸையும் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று தோன்றும். மிஸ்திரி, அதாவது கொத்தனார், வந்து பார்ப்பார். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும், பூராவும் உடைத்துவிடலாம் தாதா (அண்ணா) என்பார். கடைக்காரர் எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்பார். டைல்ஸ் ஏன் உடைந்தது என்ற கேள்வி இந்தப் பேச்சில் எங்கும் வராது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புரமோட்டர்கள் கட்டிய, லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் குடியிருப்புகள் டாகுரியா, கஸ்பா, பெஹாலா, கரியா பக்கமெல்லாம் தெருத் தெருவாக நிற்கின்றன. அவற்றின் குளியலறைகளுக்கு இப்போது முப்பது வயதை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஆகிறது. எனவே உடைப்பதா, ஒட்டுவதா என்ற கேள்வி இந்த நகரத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு ஒரே காலத்தில் வந்து நிற்கிறது. பழுது பார்ப்பதே முதல் முடிவாக இருக்க வேண்டும், உடைக்க நினைப்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காரணமும் டைல்ஸின் மேல்முகத்தில் கிடைக்காது. அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்று சோதித்தால்தான் தெரியும். இறங்கவில்லை என்றால் பூராவும் உடைப்பது வீண் செலவு. இறங்குகிறது என்றால் டைல்ஸை மட்டும் மாற்றுவதும் அதே அளவு வீண். கான்கிரீட் தளம் வரைக்கும் போய்ச் சரிசெய்தாக வேண்டும். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வழி: டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அடியில் இருப்பதை அப்படியே விட்டு, மேலே புதிதாக ஒட்டுவது.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது என்பது உண்மை. சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். அதனால்தான் கொத்தனார் அதை ஒட்டுவதற்கு முன் வாளித் தண்ணீரில் ஊறப்போடுகிறார். ஆனால் எந்த வகையாக இருந்தாலும் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இடுக்கு இருக்கிறது, அந்த இடுக்கை நிரப்பியிருப்பது சிமெண்ட். தண்ணீர் அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். அதைத் தடுக்க வேண்டியது தளத்தின் மேல் பூசிய வாட்டர்புரூஃபிங் பூச்சு. கழிவுக் குழாய்களை மறைப்பதற்காகக் குளியலறைத் தளத்தை ஓரடி போலப் பள்ளமாகப் போட்டு, அதைச் செங்கல் ஜல்லியால் நிரப்புவது வழக்கம். பூச்சு இல்லாமலோ, இருந்து வெடித்தோ போனால் இறங்கும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தொட்டி மாதிரித் தேங்கி நிற்கும். குழாயை மூடிப் பல நாள் ஆன பிறகும் கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் காயாமல் இருப்பது இதனால்தான். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்க, கீழே கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

கொல்கத்தாவின் தண்ணீர் இதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தரும் பல்தா, கார்டன் ரீச் நிலையங்களின் வீச்சு எட்டாத இடங்களில், குறிப்பாகத் தெற்கு, கிழக்குப் புறநகர்களில், பல குடியிருப்புகள் நீண்ட காலம் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே இருந்தன. அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். வெள்ளை டைல்ஸில், குழாய்க்கு நேர் கீழே, பழுப்பு மஞ்சளில் ஒரு கோடு இறங்கியிருப்பதைப் பார்த்தாலே அந்த வீட்டின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். அந்தக் கறையைப் போக்க வாரம் ஒரு முறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். நுரை பொங்கும், கறை போகும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். பொங்கிய நுரையில் பாதி இடுக்கில் இருந்த சிமெண்ட் கரைந்ததன் அடையாளம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. சில வருஷத்தில் இடுக்கு பள்ளமாகிவிடும், விரல் நகம் உள்ளே போகும், தண்ணீரும் போகும். பிறகு டைல்ஸின் ஓரம் ஆட ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட குளியலறையில் டைல்ஸில் கோளாறே இல்லை. பழைய இடுக்குக் கலவையைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கலவை அடைத்து, ஆசிட் பாட்டிலைத் தூக்கிப் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் இதைச் செய்யச் சொல்லி எந்தக் கடையும் விளம்பரம் செய்வதில்லை. அதில் விற்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லையே.

உடைசலைப் பார்த்தே பாதி விஷயத்தை ஊகிக்கலாம். ஒரே டைல்ஸில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கீறல் பிரிந்திருந்தால் வாளியோ பாத்திரமோ விழுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். நாலைந்து டைல்ஸைக் கடந்து ஒரே நேர்கோட்டில் விரிசல் ஓடினால் அது டைல்ஸின் விரிசலே இல்லை, அடியில் உள்ள தளமோ சுவரோ விட்ட விரிசல். அதைப் பார்க்காமல் மேலே எதை ஒட்டினாலும் கோடு திரும்ப வரும். உடையாமலே டைல்ஸ் கூடாரம் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றால், விரிந்து சுருங்க இடம் விடாமல் நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாணயத்தையோ ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியையோ வைத்துத் தட்டிக்கொண்டே போனால் ஒலி மாறும் இடம் தெரியும். கெட்டியாக ஒலித்தால் பிடிப்பு இருக்கிறது, வெற்றாக ஒலித்தால் அடியில் காற்று. நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போன வேலை பெரும்பாலும் இப்படித்தான் ஒலிக்கும். தண்ணீரே குடிக்காத விட்ரிஃபைடு டைல்ஸைப் பழைய பழக்கத்தில் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினாலும் இதே கதைதான். அதற்கென்றே ஒட்டுப் பசை உண்டு, ஐ.எஸ். 15477 என்று தர நிர்ணயமும் உண்டு. தட்டிப் பார்த்ததில் சுவரில் ஆறேழு வெற்றாக ஒலிப்பதும், தரை முழுவதும் வெற்றாக ஒலிப்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒட்டு வேலை, இரண்டாவதைத்தான் மேலும் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் தண்ணீர் வெளியேறும் டிராப்பின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, வாசல்படியில் சின்ன வரப்பு கட்டி, ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். சுவரில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மட்டம் விரல்கனம் இறங்கியிருந்தாலோ, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் புதிதாகப் படர்ந்தாலோ பூச்சு போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் கீழே ஓதம் இருக்கிறது என்றால் சந்தேகம் குழாய் பக்கம் திரும்ப வேண்டும். அந்தக் காலக் கட்டடங்களில் சுவருக்குள் புதைத்தது ஜி.ஐ. குழாய், உள்ளேயே துருப்பிடித்து ஊசித் துளை விழும். கொல்கத்தாவில் பிளம்பர் என்றால் ஒடிசாவின் கேந்த்ராபாரா மாவட்டத்துக்காரர்கள் அதிகம், தலைமுறையாக இதே தொழில் செய்கிறவர்கள். குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்த்துக் கசிவு எங்கே என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். கட்டடத்தின் பின்பக்கம் போய் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பதும் நல்லது. வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயின் இணைப்பில் அரசோ ஆலோ முளைத்து இலை விட்டிருந்தால், வேருக்குத் தண்ணீர் அங்கேதான் கிடைக்கிறது. அந்த ஓதத்துக்காகக் குளியலறைத் தரையை உடைப்பவர் செடிக்குத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

இந்தச் சோதனைக்குப் பூஜைக் காலம் ஏற்றதே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆண்டுக்குச் சராசரியாக 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது, அதில் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் கூரையில் தெரியும் ஈரம் வெளிச்சுவரில் இறங்கிய மழையா, மேல் வீட்டுக் குளியலறையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பூசிய பூச்சு காய்வதும் இழுக்கும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் வறண்டிருக்கும்போது ஈரம் இருந்தால் அது வீட்டுத் தண்ணீர்தான், வேறு சாக்கு சொல்ல முடியாது. போனஸைப் பத்திரமாக வைத்திருந்து குளிர்காலத்தில் செலவழிப்பது கட்டடத்துக்கும் நல்லது. அப்போது மிஸ்திரியும் அவசரப்பட மாட்டார்.

பழுது பார்க்கலாம் என்று சொன்னதும் வருகிற முதல் எதிர்ப்பு, அதே டைல்ஸ் கிடைக்காது என்பது. உண்மைதான். இந்தியாவில் தயாராகும் செராமிக் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது, அங்கே டிசைன்கள் துணிக்கடைப் புடவை வேகத்தில் மாறுகின்றன. ஒரே டிசைனிலேயே அடுத்தடுத்த சூளைக்கு நிறம் ஒரு சாயல் வேறுபடும். இதற்கு மாறாகக் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கற்களைப் பாருங்கள். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது அது. பழைய வீட்டில் ஒன்று உடைந்தால் அதே அச்சில், ஏறக்குறைய அதே நிறத்தில் இன்றும் செய்து வாங்க முடிகிறது. ஒரு பொருளைப் பழுது பார்க்க முடியுமா என்பது நம் கைத்திறனைவிடச் சந்தையைப் பொறுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் குளியலறை முழுவதையும் தண்டிக்க வேண்டுமா? கதவுக்குப் பின்னாலோ, வாஷ்பேசினுக்கு அடியிலோ இருக்கும் நல்ல டைல்ஸைப் பக்குவமாகப் பெயர்த்துக் கண்ணில் படும் இடத்தில் வைத்து, மறைவான இடத்தில் வேறு டைல்ஸ் ஒட்டலாம். குளிக்கும் பக்கத்துச் சுவரை மட்டும் முழுவதுமாக வேறு நிறத்துக்கு மாற்றினால் அது ஒட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக ஒட்டுகிறவர்கள் ஒரு பெட்டி டைல்ஸைப் பரணில் போட்டு வைப்பது இதற்கெல்லாம் மேலான காப்பீடு.

வடக்கு கொல்கத்தாவின் பழைய வீடுகளில் இந்த எதிர்ப்புக்கே இடமில்லை. அங்கே பல குளியலறைகளில் முதலில் டைல்ஸே கிடையாது. சிவப்பு ஆக்சைடு தரை, மூலையில் சௌபச்சா என்கிற செங்கல் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். நாவலாசிரியர் அமித் சௌத்ரி 2015-இல் கொல்கத்தாவின் சாதாரணப் பழைய வீடுகளைக் காப்பதற்கு இயக்கம் தொடங்கியபோது, பச்சை மரச் சட்ட ஜன்னலோடு இந்தச் சிவப்புத் தரையையும் நகரத்தின் முகமாகச் சொன்னார். விரிசல் விட்டது என்று அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மூடியவர்கள் ஏராளம். இடுக்கே இல்லாத தரையை மறைத்து அதன் மேல் நூறு இடுக்குகளைக் கொண்டுவந்து வைத்ததில் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். உடைக்க வேண்டாம், தூசி இல்லை, மூன்றே நாளில் முடியும் என்பது அதன் கவர்ச்சி. காய்ந்த, கெட்டியான சுவரில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஈரம் தேங்கிய தரையில் அது மூடி மறைப்பது மட்டுமே. தரை அரை முதல் முக்கால் அங்குலம் உயரும், கதவு இழுக்கும், டிராப்பை நோக்கிய வாட்டம் குலையும், சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எடை கூடும். அடியில் உள்ள தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழ் வீட்டை நோக்கியே போகும்.

இரண்டாவது எதிர்ப்புக்கு வலு அதிகம். வருஷா வருஷம் மிஸ்திரியைக் கூப்பிட்டு அங்கொன்றும் இங்கொன்றும் ஒட்டுவதைவிட ஒரேயடியாகச் செலவழித்துவிடுவது மேல் என்பார்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் ஒட்டினால் அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரேயடிச் செலவைக் கணக்குப் போடும்போது டைல்ஸ் விலையை மட்டும் போடுகிறார்கள். ஐந்தடிக்கு ஏழடி குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரில் ஏழடி உயரம் டைல்ஸ் என்றால், கதவைக் கழித்து 150 சதுர அடி, தரை 35. மொத்தம் சுமார் 17 சதுர மீட்டர். டைல்ஸும் அடியில் உள்ள கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 கிலோ என்று வைத்தால் ஒரு டன் வருகிறது. பள்ளத்து ஜல்லியையும் எடுத்தால் இன்னும் ஒன்றரை டன். டைல்ஸும் கலவையும் மட்டுமே 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் நாற்பது மூட்டை. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியிலிருந்து அத்தனையையும் ஓர் ஆள் தோளில் சுமந்து இறக்க வேண்டும், புதுச் சரக்கை ஏற்ற வேண்டும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் அந்த நாட்களில் எங்கே குளிப்பது என்பதும் ஒரு செலவுதான்.

இறக்கிய மூட்டைகள் எங்கே போகின்றன? கொல்கத்தாக்காரர்கள் ராபிஷ் என்று சொல்லும் இந்த இடிபாடு தெரு முனையில் சில நாள் கிடக்கும், பிறகு ஒரு இரவில் காணாமல் போகும். கட்டுமான இடிபாடுகளுக்காக 2016-இல் வந்த மத்திய விதிகள், ஒரு நாளைக்கு 20 டன்னோ ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ அதற்கு மேலோ உண்டாக்குகிறவர்களிடம்தான் முன்கூட்டியே திட்டம் கேட்டன. ஒரு டன் குளியலறை யார் கண்ணிலும் படாது. அப்படிப் படாத ஆயிரம் குளியலறைகள் சேர்ந்தால் ஒரு குளம் தூர்ந்துவிடும். ஐந்து கட்டாவும் (கட்டா வங்காள நில அளவு) அதற்கு மேலும் உள்ள நீர்நிலையைத் தூர்ப்பதை மேற்கு வங்கத்தின் 1984 உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் குளத்தில் இரவோடு இரவாக ராபிஷ் கொட்டும் செய்தி இந்த நகரத்துப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம் 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீனும் காய்கறியுமாகத் திருப்பித் தரும் அந்த இடத்தின் ஓரங்களும் இப்படித்தான் மேடாகின்றன. மழைத் தண்ணீர் போக வழியில்லை என்று புலம்பும் ஊரில், சுமார் 1,200 டிகிரி வெப்பத்தில் சுட்டு, 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, கெட்டுப்போகாமலே உடைபட்ட பொருளால் குளத்தை நிரப்புகிறோம்.

ஓர் எதிர்ப்புக்கு மட்டும் மறுப்பில்லாமல் வழிவிடுகிறேன். வயதானவர்கள் உள்ள வீட்டில் வழுக்கும் தரையைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும், அடியில் தண்ணீர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும். எண்பதுகளில் சுவருக்கு என்று செய்த வழுவழுப்பான டைல்ஸைத் தரையிலும் ஒட்டிய வீடுகள் உண்டு. சோப்புத் தண்ணீர் பட்டால் அதில் நிற்க முடியாது. ஆனால் இது தரைக்கான நியாயம். இதைச் சாக்கு வைத்து நாலு சுவரையும் உடைக்கச் சொல்லும் மிஸ்திரியிடம் 35 சதுர அடிக்கு மட்டும் விலை கேளுங்கள். விற்கும்போது நல்ல விலை வரும் என்ற நியாயத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. விவரம் தெரிந்து வாங்குபவர் புது டைல்ஸைப் பார்த்ததும் கீழ் வீட்டுக்குப் போய்க் கூரையைப் பார்ப்பார்.

அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. டைல்ஸ் மேல் வீட்டுக்காரருடையது, ஓதம் கீழ் வீட்டுக்காரருக்கு. கூரை உதிரும் வரை மேலே இருப்பவருக்கு அவசரம் கிடையாது; உதிர்ந்த பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேற்கு வங்க அபார்ட்மெண்ட் உடைமைச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது. தூணும் உத்தரமும் பிரதான சுவரும் பொதுச் சொத்து என்று அது சொல்கிறது. அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும் தண்ணீர் மட்டும் தனிச் சொத்தாகவே இருக்கிறது. சட்டத்துக்குக் காத்திருக்காமல் குடியிருப்போர் சங்கங்களே ஒரு தீர்மானம் போடலாம். குளியலறையில் சுத்தியல் விழுவதற்கு முன் ஒரு முறையும், புதுப் பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இன்னொரு முறையும் தண்ணீர் கட்ட வேண்டும், இரண்டையும் கீழ் வீட்டார் வந்து பார்க்க வேண்டும், பார்த்ததைச் சங்கத்தின் நோட்டில் எழுத வேண்டும். பூச்சு தரையோடு நிற்காமல் சுவரில் ஓரடியாவது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். திறந்திருக்கும்போதே குழாய்களைப் போட்டோ எடுத்து வைத்தால் அடுத்து வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு துளை போட மாட்டார். சோதனையில் தண்ணீர் இறங்கினால் செலவில் கீழ் வீட்டுக் கூரைப் பூச்சையும் சேர்க்க வேண்டும். இறங்காவிட்டால் மேல் வீட்டுக்காரர் உடைந்த நாலு டைல்ஸை மாற்றிக்கொள்ளலாம், மீதிப் பணத்தில் பூஜைக்கு எங்காவது போய் வரலாம்.